ஐ7-க்குப் பதில் ஐ7: மாற்று லேப்டாப்பின் புராசசரை எடைபோடுவது எப்படி?

உத்தரவாதக் காலத்தில் லேப்டாப் பழுதாகிறது. அதே மாடல் இப்போது தயாரிப்பில் இல்லையென்றால், ‘இணையானது’ என்று சொல்லி வேறொன்றைத் தருவார்கள். உதாரணமாக, 2020-இல் வந்த இன்டெல் கோர் ஐ7-10750எச் புராசசர் போய், 2022-இல் வந்த கோர் ஐ7-1255யூ கைக்கு வருகிறது. இரண்டும் ஐ7. இரண்டிலும் 12 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழைகள்), 12 எம்பி எல்3 கேச் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேக நினைவகம்). பழையதில் 6 கோர் (கணக்கிடும் அலகு), புதியதில் 10. விவரப் பட்டியலை மட்டும் பார்த்தால் லாபம்தான்.

பெயரின் கடைசி எழுத்து வேறு கதை சொல்கிறது. எச் வரிசை 45 வாட்டுக்கு வடிவமைக்கப்பட்டது, யூ வரிசை 15 வாட்டுக்கு. சிப் வேலை செய்யும்போது இழுக்கும் மின்திறன், அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. அதிர்வெண்ணைக் கூட்டினால் மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டிவரும். அதனால் உச்சத்துக்கு அருகிலுள்ள கடைசிச் சில நூறு மெகாஹெர்ட்ஸ்தான் வாட்டை அதிகமாக விழுங்கும். 1255யூ விளம்பரத்தில் வரும் 4.7 கிகாஹெர்ட்ஸ், பெரிய கோர்களில் ஒன்றிரண்டு மட்டும் ஓடும்போது எட்டுகிற வேகம். பத்துக் கோரும் ஒன்றாக உழைக்கும்போது அதை எதிர்பார்க்கக் கூடாது. அந்தப் பத்திலும் 2 மட்டுமே பெரியவை. மீதி 8 மின்சிக்கனத்துக்கான சிறிய கோர்கள், கோருக்கு ஒரு த்ரெட்தான்.

இன்டெல் சிப்பில் இரண்டு மின்வரம்புகள் உண்டு: பிஎல்1, பிஎல்2. வேலை தொடங்கியதும் பிஎல்2 வரை இழுக்கலாம்; 1255யூவுக்கு இன்டெல் தரும் உச்சம் 55 வாட். பெரும்பாலும் 28 நொடிபோல ஒரு அவகாசம் முடிந்ததும் பிஎல்1-க்கு இறங்க வேண்டும். இந்த வரம்புகளை முடிவு செய்வது லேப்டாப் தயாரிப்பாளர். மெல்லிய உடலும் ஒற்றை மின்விசிறியும் இருந்தால் 15 வாட்டில் நிறுத்துவார். குளிரூட்டல் நன்றாக இருந்தால் 25 வாட்டுக்கு மேலும் விடுவார். ஒரே சிப் இரண்டு லேப்டாப்பில் இரண்டு விதமாக ஓடுவது இதனால்தான். சிப்களின் வேகத்துக்கு மதிப்பெண் தரும் பாஸ்மார்க் போன்ற பட்டியல்கள் இந்த எல்லா லேப்டாப்களையும் கலந்து சராசரி போடுகின்றன. முதல் வடிகட்டலுக்கு அது போதும், தீர்ப்புக்குப் போதாது. அங்கும் மொத்த மதிப்பெண்ணோடு நிற்காமல் ஒற்றை த்ரெட் மதிப்பெண்ணையும் பாருங்கள்.

புதியதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 10750எச் கோரின் அடிப்படை வடிவமைப்பு 2015-இன் ஸ்கைலேக். 1255யூவின் பெரிய கோர் ஒரு கடிகாரத் துடிப்புக்கு முடிக்கும் வேலை அதைவிடத் தெளிவாக அதிகம். பிரவுசர், எக்செல் போல ஒன்றிரண்டு த்ரெட்டில் ஓடும் வேலைகளில் புதியதே ஜெயிக்கும். அரைமணி நேரம் வீடியோ ரெண்டர் செய்பவருக்கும், பெரிய புராஜெக்ட்டை கம்பைல் செய்பவருக்கும் பதில் பிஎல்1-இல் இருக்கிறது.

அதைக் கண்டறிய ஒரு மணி நேரம் போதும். புது லேப்டாப்பை முதலில் அப்டேட் எல்லாம் முடியும்வரை விடுங்கள். பின்னணியில் ஃபைல் இன்டெக்ஸிங்கும் ஆன்டிவைரஸ் ஸ்கேனும் ஓடினால் எண் தாழும். அதனுடனே வந்த சார்ஜரைச் செருகுங்கள், குறைந்த வாட் டைப்-சி சார்ஜர் வேண்டாம். பவர் மோடை உச்சத் திறனுக்கு மாற்றுங்கள். புராசசர் வேகத்தை அளக்கும் சினிபெஞ்ச் ஆர்23 மென்பொருளின் மல்டி-கோர் சோதனையை ஒருமுறை மட்டும் ஓட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, பிறகு 10 நிமிடச் சோதனையை ஓட்டுங்கள். கூடவே சிப்பின் நிலையைக் காட்டும் எச்டபிள்யூ-இன்ஃபோ ஆப்பைத் திறந்து சிப்பின் மொத்த வாட், வெப்பநிலை, கோர்களின் வேகம் மூன்றையும் கவனியுங்கள். வாட் 40-இல் தொடங்கி 15-இல் நிலைத்து, வெப்பம் 70 டிகிரியைச் சுற்றி இருந்தால் காரணம் மின்வரம்பு. வெப்பம் 95, 100 டிகிரியில் ஒட்டிக்கொண்டு வேகம் ஏறி இறங்கினால் காரணம் குளிரூட்டல். வேலை செய்யப்போகும் அறையிலேயே சோதியுங்கள். ஏசி போட்ட சர்வீஸ் சென்டரில் கிடைத்த எண் மே மாத மத்தியானத்துக்குச் செல்லாது. எந்த இரண்டு எண்களை ஒப்பிட்டாலும், 3, 4 சதவீத வித்தியாசம் வந்தால் அதைப் பொருட்படுத்த வேண்டாம்.

பழைய லேப்டாப் உயிரோடு இல்லையென்றால், அதே மாடலை யாராவது அளந்து வெளியிட்ட எண்ணோடு புதியதன் எண்ணை ஒப்பிடுங்கள். சிப் மட்டும் ஒன்றாக இருந்தால் போதாது.

இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியின் சிப்களில் பெயரே பொறி வைக்கும். ரைசன் 5 5600யூவுக்குப் பதில் ரைசன் 5 7520யூ தந்தால் இரண்டாயிரம் எண் முன்னேறியதுபோல இருக்கும். 7000 வரிசையில் முதல் இலக்கம் ஆண்டைக் குறிக்கிறது, மூன்றாம் இலக்கம்தான் கோரின் தலைமுறை. 7520-இல் அது 2, அதாவது 2019-இல் அறிமுகமான ஜென் 2 என்ற கோர் வடிவமைப்பு. கோர் 4, எல்3 கேச் 4 எம்பி. பழைய 5600யூவில் ஜென் 3, கோர் 6, கேச் 16 எம்பி. இதை இணை என்று ஏற்கவே கூடாது. 7530யூ தந்தால் சரி, அது ஜென் 3, 6 கோர்.

புராசசர்மேல் பழிபோடும் முன் ரேமைப் பாருங்கள். ஒரே ஒரு குச்சியில் 16 ஜிபி போட்டு அனுப்பியிருந்தால் ரேமுக்கு ஒற்றைச் சேனல்தான், அதாவது ஒரே ஒரு தரவுப் பாதைதான் கிடைக்கும். உள்ளமைந்த கிராபிக்ஸ் வெகுவாகத் தளரும். 1255யூவில் கிராபிக்ஸின் பெயரை ஐரிஸ் எக்ஸ்இ என்று காட்ட வேண்டிய இடத்தில் வெறும் யூஎச்டி என்று காட்டினால் சந்தேகம் முதலில் இங்கேதான் போக வேண்டும். காலி ஸ்லாட் இருந்தால் இன்னொரு குச்சி தீர்த்துவைக்கும். 10750எச் லேப்டாப்களில் பெரும்பாலும் தனி கிராபிக்ஸ் சிப் இருந்தது. மாற்றில் அது இல்லாமல் போயிருந்தால் புராசசர் ஒப்பீட்டுக்குப் போகாமலே மறுக்கலாம்.

மின்வரம்புதான் குறை என்று தெரிந்தால் லேப்டாப் தயாரிப்பாளரின் ஆப்பில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ மோட் இருக்கிறதா என்று பார்த்து, சோதனையை மறுபடி ஓட்டுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் 10 நிமிட எண்களை எழுத்தில் கொடுத்து எச் வரிசை மாடலைக் கேளுங்கள். 4 பெரிய கோரும் 4 சிறிய கோரும் கொண்ட ஐ5-12450எச் தந்தாலும் தயங்க வேண்டாம். பெயரில் ஐ5 என்றாலும் 45 வாட் சிப் அது. நீண்ட வேலையில் 15 வாட்டில் கட்டிப்போட்ட ஐ7-ஐ அது எளிதில் முந்தும்.