முன்சக்கரச் சேறும் திங்கட்கிழமைக் கண்களும்

மழைக்காலத்துத் திங்கட்கிழமைகளில் என் ஓ.பி.க்கு ஒரு தனிக் கூட்டம் வரும். ஒரு கண் மட்டும் சிவந்து நீர் வழியும், கையில் கைக்குட்டை, பத்தரை மணிக்கு ஆபீஸில் இருக்க வேண்டுமே என்கிற அவசரம். ஞாயிறு விடிகாலையில் காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு கோவையிலிருந்து குன்னூர், கோத்தகிரிப் பக்கம் ஏறி, தேயிலைத் தோட்டத்து மண்பாதைகளில் இறங்கிவிட்டு வந்தவர்கள். அந்தப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ஐப்பசி, கார்த்திகையில் மலைச் செம்மண் குழைந்து கிடக்கும்போதுதான் இவர்களுக்கும் சைக்கிள் ஆசை உச்சத்தில் இருக்கும். குறை சொல்லவில்லை, நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான். என்ன, அவர்கள் இறங்குகிற இடத்தில் நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பேன்.

போன ஐப்பசியில் வந்த ஒரு தம்பியின் கதையைச் சொன்னால் மற்றதெல்லாம் புரியும்.

"சேறு பட்டுச்சு சார். உடனே தொடச்சிட்டேன்."

"எதால தொடச்சீங்க?"

"க்ளவுஸாலதான். லேசாத்தான் சார்."

கண்ணில் மரப்புச் சொட்டு விட்டு, ஆரஞ்சு நிறச் சாயக் காகிதத்தை நனைத்து இமைக்குள் தொட்டு, நுண்ணோக்கியில் நீல விளக்கைப் போட்டேன். கருவிழியின் மேல்பாதியில் ஆறேழு பச்சைக் கோடுகள், எல்லாம் மேலிருந்து கீழாக, பூனை பிறாண்டிய மாதிரி. செங்குத்தாகக் கோடு விழுந்திருந்தால் கண் மருத்துவருக்கு உடனே தெரிந்துவிடும், மேல் இமைக்கு அடியில் ஏதோ ஒளிந்திருக்கிறது என்று. பட்ஸை வைத்து இமையைப் புரட்டினேன். கசகசாவில் பாதிகூட இல்லாத ஒரு மணல் துணுக்கு, விளக்கில் மினுங்கிக்கொண்டு ஒட்டியிருந்தது. ஈரப் பட்ஸால் ஒற்றி எடுக்க இரண்டு நொடி ஆனது. நிமிடத்துக்குப் பதினைந்து முறையாவது கண் சிமிட்டுகிறோம். ஞாயிறு மதியத்திலிருந்து ஒவ்வொரு சிமிட்டலுக்கும் அந்தத் துணுக்கு ஒரு இழுப்பு இழுத்திருக்கிறது.

இத்தனை வருடத்தில் நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். சேறு தெறிப்பதால் மட்டும் கண் கெடுவது குறைவு. இமை தானாக மூடிக்கொள்கிறது, கண்ணீர் சுரந்து கழுவிவிடுகிறது. கெடுப்பது அதற்குப் பிறகு முகத்துக்குப் போகிற கை. சேறு அப்பிய கையுறை உப்புத்தாள் மாதிரி. அதைக் கொண்டு கண்ணைத் துடைத்தால் வெளியே இருந்த மணலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். ஆனால் இறக்கத்தில் கண் மறைத்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. அதனால் "துடைக்காதே" என்று புத்தி சொல்வதைவிட, சேறு முகத்துக்கு வராமல் பண்ணுவதுதான் நடக்கிற காரியம்.

அந்தச் சேறு எங்கிருந்து வருகிறது? பின்சக்கரம் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பின்சக்கரம் முதுகுக்கும் சீட்டுக்கும் கோடு போடும், அவ்வளவுதான். முகத்துக்கு வருவது முன்சக்கரத்துச் சேறு. சைக்கிள் முன்னால் உருளும்போது முன்சக்கரத்தின் பின்பக்கம், அதாவது உங்கள் கால் பக்கம் இருக்கிற பாதி, மேல்நோக்கி ஏறுகிறது. தரையில் அள்ளிய சேறு அந்த ஏற்றத்தில் டயரை விட்டுக் கழன்று மேலேயும் சற்று முன்னேயும் பறக்கும். முன்னே போனதுதானே என்று விட முடியாது. எதிர்க்காற்று அதை நிறுத்திவிடும், நீங்கள் போய் அதன் மேல் மோதுவீர்கள்.

உயரம் வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் கழலும் சேறு ஹேண்டில்பார் உயரம், மிஞ்சினால் மார்பு வரை எழும். 25 கி.மீ. தொட்டால் தலைக்கு மேலேயே போய்விட்டு இறங்கும். உயரம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுகிற பள்ளிக்கூடக் கணக்குதான் இது. ஏற்றத்தில் சுத்தமாக இருந்த முகம் இறக்கத்தில் அரை நிமிடத்தில் அப்பிப்போவது இதனால்தான். குட்டை தென்பட்டால் அதற்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். குட்டைக்குள் போய் பிரேக் பிடித்தால் சேறும் மிச்சமாகாது, ஆளும் மிச்சமாகாது. அப்புறம், முன்னால் போகிறவரின் பின்சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். நாலைந்து சைக்கிள் நீளம் விட்டு, ஒரு ஓரமாகத் தள்ளி வந்தால் அவருடைய சேறு அவரோடு போகும்.

மட்கார்டு விஷயத்துக்கு வருவோம். "ரேஸ் சைக்கிளுக்கு மட்கார்டா, பால்காரர் வண்டி மாதிரி இருக்கும்" என்று சிரிக்கிறவர்கள் உண்டு. இன்றைக்கு மலைச் சைக்கிளுக்கு வருகிற முன் மட்கார்டு ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு. முன் ஃபோர்க்கின் இரண்டு கால்களையும் இணைக்கிற வளைவுக்கு அடியில், நாலு ஜிப் டையில் நிற்கும். அதன் வால் பகுதி பின்பக்கமாக இறங்கி, சேறு கழல்கிற அந்தப் பாதியை மூட வேண்டும். நிறையப் பேர் முன்னால் நீட்டிக்கொண்டு பின்னால் குட்டையாக வைத்துவிடுகிறார்கள். அழகாக இருக்கும், பாதிச் சேறு முகத்துக்கு வரும். முன்பக்கமும் கொஞ்சம் நீளம் வேண்டும்தான், ஆனால் இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் வாலை விடாதீர்கள்.

காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்பதும் இல்லை. காலியான 5 லிட்டர் எண்ணெய் கேன், பழைய பிளாஸ்டிக் ஃபைல் அட்டை, கத்தரிக்கோல், ஜிப் டை இருந்தால் அரை மணி நேர வேலை. கவனிக்க வேண்டியது இடைவெளி. டயருக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு விரலாவது புக வேண்டும். நம் மலைச் செம்மண்ணும் கீழே இருக்கிற கரிசலும் ஒட்டுகிற மண். இடைவெளி போதாவிட்டால் சேறு அடைத்து முன்சக்கரமே நின்றுவிடும், முகம் சேற்றில் போய் இறங்கும். சஸ்பென்ஷனை முழுக்க அமுக்கிப் பார்த்து, தகடு எங்கேயும் தட்டவில்லை என்று உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்.

மட்கார்டைத் தாண்டி வருவதற்குக் கண்ணாடி. வெயிலுக்குப் போடுகிற கறுப்புக் கண்ணாடி தோட்டத்து நிழலிலும் மேகத்திலும் உதவாது. நிறமில்லாத அல்லது வெளிர் மஞ்சள் நிற பாலிகார்பனேட் லென்ஸ், பக்கவாட்டிலும் கன்னத்தை ஒட்டியும் வளைந்து மூடுகிற ஃபிரேம், இது போதும். பவர் கண்ணாடிக்காரர்கள் அதையே போட்டு ஓட்டலாம், ஒன்றுமில்லாததற்கு அது மேல். ஆனால் கீழ்ப்பக்கம் திறந்திருக்கும், கீழிருந்து வருகிற சேற்றுக்கு அது வாசல். ஹெல்மெட்டின் முன்விளிம்பைச் சற்றுத் தாழ்த்தினால் மேலிருந்து விழுகிறதில் பாதி அதிலேயே நின்றுவிடும்.

உண்மையில் கண்ணாடி இல்லாமல் அடிபட்டவர்களைவிட, கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்ட பிறகு அடிபட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். சேறு அப்பி மறைத்தது, இல்லாவிட்டால் பனி மூடியது, கழற்றினேன் சார் என்பார்கள். நின்று, தண்ணீர்ப் பாட்டிலைப் பீய்ச்சி மணலை ஓடவிடுங்கள். பிறகு மெல்லிய துணியால் ஒற்றுங்கள். காய்ந்த சேற்றைத் தேய்த்தால் லென்ஸ் கீறிவிடும். அந்தத் துணியை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, ஈரம் படாமல் வையுங்கள். பனி மூடுவதற்கு, கிளம்பும் முன் பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு லென்ஸில் தடவி அலசிவிடுவது பழைய வித்தை, ஓரளவு வேலை செய்யும்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டுக்கொண்டு சேற்றில் இறங்குகிறவர்களிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் அகாந்தமீபா என்கிற ஒற்றைச் செல் உயிர் இருக்கிறது. லென்ஸுக்கு அடியில் அது குடியேறினால் மாதக்கணக்கில் வைத்தியம் பார்க்க வேண்டியிருக்கும். போட்டே ஆக வேண்டுமென்றால் அன்றாடம் எறிகிற லென்ஸைப் போடுங்கள். சேறு பட்டால் கையைச் சுத்தம் செய்துவிட்டுக் கழற்றி எறியுங்கள். ஓடைத் தண்ணீரில் அலசித் திரும்பப் போடுவது என்ற பேச்சே வேண்டாம்.

கண்ணோடு வாயையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், என் துறை இல்லாவிட்டாலும். 2007 ஜூனில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஒரு மலைச் சைக்கிள் போட்டி நடந்தது. அதில் ஓட்டிய 537 பேரை விசாரித்ததில் 225 பேருக்கு வயிற்றுப்போக்கு. காரணம் கேம்பைலோபேக்டர் என்கிற கிருமி, வந்த வழி வாய்க்குள் போன சேறு. அடுத்த வருடம் வேல்ஸில் பில்த் வெல்ஸ் ஊரில் நடந்த போட்டியிலும் இதே கதைதான், அங்கே ஆட்டுப் புழுக்கை கலந்த சேறு. நம் தோட்டத்துப் பாதைகளில் மாடும் காட்டுமாடும் போட்டுவிட்டுப் போவது எல்லாருக்கும் தெரிந்ததுதானே. பாட்டில் வாய்க்கு மூடி இருக்கட்டும். இல்லையென்றால் குடிக்கும் முன் ஒரு பீய்ச்சு வெளியே விட்டு, அப்புறம் குடியுங்கள்.

எலிக் காய்ச்சல் கிருமியும் சேற்றுத் தண்ணீரில் இருக்கும். தோல் சிராய்ப்பு வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் உள்ளே போகும். மதுரைப் பக்கத்துக் கண் மருத்துவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 1993 கடைசியில் வந்த பெருமழை வெள்ளத்துக்குப் பிறகு, எலிக் காய்ச்சல் வந்து போனவர்கள் அடுத்த வருடம் கண்ணுக்குள் அழற்சியோடு கூட்டமாக வந்தார்கள். சேற்றில் ஓட்டி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, பீளை இல்லாமல் கண் சிவப்பு என்று வந்தால் டாக்டரிடம் "சேற்றில் சைக்கிள் ஓட்டினேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தோன்றாது.

சரி, இவ்வளவும் செய்தும் கண்ணில் விழுந்துவிட்டது. நில்லுங்கள். கசக்காதீர்கள். கையுறையைக் கழற்றி, கையைக் கழுவுங்கள். தலையைச் சாய்த்து, குடிக்கிற தண்ணீரை மூக்குப் பக்கத்து ஓரத்திலிருந்து வெளிப்பக்கமாகத் தாராளமாக ஊற்றி, சிமிட்டிக்கொண்டே இருங்கள். எலக்ட்ரோலைட் கலந்த பாட்டிலை ஊற்றாதீர்கள், ஒருவர் ஊற்றியிருக்கிறார். மேல் இமையை இமைமுடியோடு பிடித்துக் கீழ் இமைக்கு மேல் இழுத்து விட்டால், கீழ் இமையின் முடி உள்ளே ஒளிந்த துணுக்கைப் பெருக்கி எடுப்பதும் உண்டு. போகவில்லையென்றால் கிளறாமல் கண்ணை மூடிக்கொண்டு வாருங்கள்.

வீட்டில் நடக்கிற வைத்தியங்கள்தான் எனக்குப் பயம். அம்மிச்சி நாக்கால் எடுத்துவிடுவார், யாரோ தாய்ப்பால் விடுவார்கள், விளக்கெண்ணெய் விடுவார்கள். எல்லாம் பாசத்தில்தான். ஆனால் கீறல் விழுந்த கருவிழி திறந்த கதவு, வாயில் இருக்கிற கிருமிக்கும் சேர்த்து. இதையும் விட மோசமானது மருந்துக் கடையில் "கண் சிவப்புக்கு ஏதாவது குடுங்க" என்று வாங்குகிற சொட்டு மருந்து. அதில் பல சமயம் ஸ்டீராய்டு இருக்கும். விட்டவுடன் சிவப்பு குறையும், ஆள் நிம்மதியாக இருப்பார். உள்ளே பூஞ்சை இருந்தால் அதற்குத்தான் நல்ல காலம்.

மண்ணும் இலைதழையும் பட்ட கீறலில் வருகிற பூஞ்சைப் புண் தென்னிந்தியாவில் அபூர்வம் இல்லை. ஃபுசேரியம், ஆஸ்பர்ஜில்லஸ் என்று எங்கள் ஆய்வகத்தில் இரண்டும் பழகிய பெயர்கள். ஒருவர் பத்தாம் நாள் வந்தார். தேயிலைக் கவாத்துக் குச்சி கிடந்த சேறு கண்ணில் தெறித்திருக்கிறது, கடைச் சொட்டு ஒரு வாரம். கருவிழியின் நடுவே சாம்பல் வெள்ளையில் ஒரு புள்ளி, ஓரம் பஞ்சு பிரிந்த மாதிரி. நாடாமைசின் என்கிற பூஞ்சைக்கான சொட்டு மணிக்கொரு தடவை, தூக்கத்திலும் எழுப்பி விட்டார்கள். மதுரை அரவிந்த் முதலான மருத்துவமனைகளில் நடந்து 2013இல் வெளியான ஆய்வில், விலை கூடிய வோரிகோனசோலைவிட இந்தப் பழைய நாடாமைசின்தான் மேல் என்று தெரிந்தது. ஆனாலும் அவருக்கு ஏழு வாரம் ஆனது. புண் ஆறிவிட்டது, தழும்பு நடுவில் நின்றுவிட்டது. அந்தக் கண்ணால் இப்போது அவர் பேருந்துப் போர்டு படிப்பதில்லை.

சாதாரணக் கீறல் ஒன்றிலிருந்து மூன்று நாளில் ஆறிவிடும். ஒரு நாள் கழித்தும் வலி குறையாமல் கூடினால், வெளிச்சம் பார்க்க முடியாமல் போனால், பார்வை மங்கினால், கருவிழியில் வெள்ளையாக எதுவும் தெரிந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். நாங்கள் கிளினிக்கில் விடுகிற மரப்புச் சொட்டைக் கேட்டு வாங்கிப் போக நினைக்காதீர்கள். வலி தெரியாமலே கருவிழி கரைந்துவிடும்.

அந்தத் தம்பி புதன்கிழமை மறுபரிசோதனைக்கு வந்தார். பச்சைக் கோடுகள் எல்லாம் மூடியிருந்தன. போகும்போது போனை எடுத்து ஒரு படம் காட்டினார். எண்ணெய் கேனை வெட்டி மாட்டிய மட்கார்டு, பின்பக்க வால் சரியாக இறங்கியிருந்தது. 'கடலை எண்ணெ' வரை லேபிள் அப்படியே இருந்தது. இடைவெளி எவ்வளவு என்று கேட்டேன். ஒரு விரல் சார் என்றார். கோத்தகிரி மண்ணுக்கு இரண்டாக்குங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.