பிபிக்கு யூரின் டெஸ்ட் எதற்கு?

பிபி கூடியிருக்கிறது என்றதும் பலர் கேட்பது, "ஹார்ட்டுல ஏதும் கோளாறா டாக்டர்?" ஈசிஜி எழுதினால் அன்றே எடுத்துவிடுவார்கள். யூரின் டெஸ்டும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் இரத்தப் பரிசோதனையும் எழுதினால், "பிரஷருக்கு இது எதுக்கு?" என்று தயங்குவார்கள். பிபி ஏறுவதில் சிறுநீரகத்துக்கும் பங்கு உண்டு, அதனால்தான்.

1934-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் என்ற மருத்துவர், நாய்களின் சிறுநீரகத் தமனியைச் சிறு வெள்ளிக் கவ்வியால் இறுக்கினார். இதயத்தைத் தொடவே இல்லை. இரத்த அழுத்தம் ஏறி நின்றது. இரத்தம் குறைவாக வந்தால் சிறுநீரகம் ரெனின் என்ற நொதியைச் சுரக்கும். அதனால் உண்டாகும் ஆஞ்சியோடென்சின் என்ற ஹார்மோன் இரத்தக் குழாய்களைச் சுருக்கி, உப்பையும் நீரையும் உடம்பில் தேக்கிவைக்கும். இன்று எழுதப்படும் எனலாப்ரில், டெல்மிசார்டன் எல்லாம் இந்தச் சங்கிலியை அறுக்கும் மருந்துகளே.

பிபி உள்ள எல்லோருக்கும் சிறுநீரகத் தமனியில் அடைப்பு இருக்காது. பெரும்பாலானோருக்குப் பரம்பரை, உப்பு, எடை என்று பல காரணங்கள் சேர்கின்றன.

இந்த அழுத்தத்தை எதிர்த்து இரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைத் தசை தடித்துப்போகிறது. தடித்த தசை பலமான தசை என்று நினைக்க வேண்டாம். அது விறைத்துவிடும், துடிப்புகளுக்கு இடையே தளர்ந்து இரத்தத்தை வாங்கிக்கொள்ளச் சிரமப்படும். இதயத்தின் எக்கோ ஸ்கேனில் 'பம்பிங் நார்மல்' என்று வந்தும் ஒரு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். வயசாயிடுச்சு என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

முப்பது வயதுக்குள் பிபி வந்தாலும், மூன்று மருந்துக்கும் அடங்காவிட்டாலும் சிறுநீரகத் தமனியையும் சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியையும் பார்த்தாக வேண்டும். மூட்டுவலிக்குக் கடையில் டைக்ளோஃபெனாக் வாங்கிப் போடுபவர்கள் தயவுசெய்து மருத்துவரிடம் சொல்லுங்கள். அதுவும் அழுத்தத்தை ஏற்றும்.

"பிரஷர் மாத்திரை கிட்னியைக் கெடுத்துடும்" என்று பயந்து நிறுத்துகிறவர்கள் நிறைய. கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத அழுத்தம். டெல்மிசார்டன் தொடங்கியதும் கிரியேட்டினின் சற்றே ஏறலாம். அது பெரும்பாலும் எதிர்பார்ப்பதுதான். அதிகமாக ஏறினால் இரண்டு பக்கச் சிறுநீரகத் தமனியும் சுருங்கியிருக்கிறதா என்று சந்தேகிப்போம். ஆகவே, தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பாருங்கள். கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எனலாப்ரில், டெல்மிசார்டன் போன்றவை அவர்களுக்கு ஆகாது, வேறு மருந்து இருக்கிறது.