காப்புப்படி: ‘பக்கப்’ என்பதற்கு நிகரான சொல்

திருகோணமலையில் ஹோட்டல் கணக்குப் பிரிவானாலும் கப்பல் முகவர் அலுவலகமானாலும் கேள்வி ஒன்றுதான்: ‘பக்கப் (backup) எடுத்தாச்சோ?’ கணினியில் உள்ளது போய்விட்டால் மீட்க இன்னொரு படி இருக்கிறதா என்பதுதான் அதன் பொருள். அதையே கடிதத்தில் எழுதும்போது ‘நகல்’ ஆக்கிவிடுகிறோம். அந்தச் சொல் பாதிப் பொருளைத்தான் தருகிறது.

ஆங்கிலச் சொல்லின் அடியில் இருப்பது முதுகு. பின்னால் நின்று தாங்குவது, முன்னால் நிற்பவர் விழுந்தால் அவரிடத்துக்கு வருவது என்று பொருள் வளர்ந்து, அப்படியே கணினிக்கும் வந்தது. ‘நகல்’ அரபு மூலச்சொல். பார்த்து எழுதுவதோடு அதன் வேலை முடிந்துவிடும். தாங்கும் பொருள் ‘காப்பு’ என்பதில் இருக்கிறது. ‘கா’ என்ற வினையடிதான் கையில் போடும் காப்புக்கும், திருவிழாவுக்குக் கட்டும் காப்புக்கும், நூல் முகப்பில் வரும் காப்புச் செய்யுளுக்கும் தாய். செல்லரித்த ஏட்டைப் புது ஓலையில் எழுதுவதைப் படியெடுத்தல் என்கிறோம். இரண்டையும் சேர்த்தால் காப்புப்படி. கைபேசியில் காணும் ‘காப்புப் பிரதி’ பிழையன்று. ‘பிரதி’ வடசொல், அவ்வளவே.

இதே துறையில் ‘பிரிக் லெவல்’ என்றொரு வழக்கும் உண்டு. சுவரை முழுதாக எடுக்காமல் செங்கல் செங்கல்லாக எடுப்பதுபோல, அஞ்சல் சேர்வரிலிருந்து ஒவ்வொரு மெயில் பொக்ஸாகப் படியெடுப்பது. இதைத் ‘தனிப்பெட்டிப் படி’ எனலாம். இங்கே ‘காப்பு’ என்ற சொல்லைத் தெரிந்தேதான் விடுகிறோம். நம்பியிருக்க அது போதாது. மைக்ரோசொஃப்ட்டின் அஞ்சல் சேர்வரான எக்ஸ்சேஞ்சின் 2003 பதிப்புக் காலத்தில், ஒரே தரவுத்தளத்தில் 50 பேருக்குப் போன இணைப்புக் கோப்பு ஒருமுறைதான் சேமிக்கப்பட்டிருக்கும். தனிப்பெட்டியாக எடுத்தாலோ 50 முறை எழுதப்படும். இரவு முழுக்க ஓடியும் வேலை முடியாது. பெட்டியைத் தனிக் கோப்பாக எடுக்க அன்று இருந்த எக்ஸ்மெர்ஜ் கருவியின் பிஎஸ்டி (அவுட்லுக் அஞ்சல்) கோப்பு 2 ஜிபியைத் தாண்டவும் முடியாது.

இன்றைய எக்ஸ்சேஞ்சில் ஒழுங்கான வழி வேறு. விண்டோஸ் சேர்வரோடு வரும் ‘விண்டோஸ் சேர்வர் பக்கப்’ கருவியில், தரவுத்தளமும் அதன் மாற்றங்களைப் பதியும் லொக் கோப்புகளும் இருக்கும் டிரைவ்களை முழுதாக எடுக்க வேண்டும். விஎஸ்எஸ் (ஓடும் சேர்வரை நிறுத்தாமல் படி எடுக்கும் விண்டோஸ் வசதி) அமைப்பில் ‘ஃபுல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ‘கொப்பி’ என்று விட்டால் தலா 1 எம்பி அளவான லொக் கோப்புகள் அழியாமல் குவிந்து, டிரைவ் நிரம்பித் தரவுத்தளமே நின்றுவிடும்.

ஒருவருடைய பெட்டி மட்டும் வேண்டுமென்றால் முழுப் படியிலிருந்து அதைப் பிரித்தெடுக்கலாம். தரவுத்தளத்தையும் லொக்குகளையும் வேறோர் இடத்தில் மீட்டு, எக்ஸ்சேஞ்சோடு வரும் ஈஎஸ்இயூட்டில் கருவியால் தரவுத்தளத்தின் நிலையைப் பாருங்கள். ‘டேர்ட்டி ஷட்டவுன்’ (ஒழுங்காக மூடப்படவில்லை) என்று காட்டினால் முதலில் லொக்குகளை ஓடவிட்டுச் சீராக்க வேண்டும். பிறகு அதை மீட்புத் தரவுத்தளமாக ஏற்றி, வேண்டிய பெட்டியை மட்டும் உரியவரின் கணக்குக்குள் இறக்கலாம். பல வேளைகளில் இதுகூடத் தேவைப்படாது. இயல்பான அமைப்பில் அழித்த மடல் 14 நாளும், அழித்த பெட்டி 30 நாளும் சேர்வரிலேயே இருக்கும். முதலில் அங்கே தேடுங்கள்.

வேலையை விட்டுப் போனவரின் பெட்டியைக் கோப்பாக எடுத்து வைக்கத் தனிப்பெட்டிப் படி நல்லது. அதற்கு ‘மெயில்பொக்ஸ் இம்போர்ட் எக்ஸ்போர்ட்’ என்ற உரிமையை நிர்வாகிக்குத் தனியே கொடுக்க வேண்டும். இயல்பாக எவருக்கும் அது இராது. கோப்பு போய்ச் சேரும் பகிர்வு ஃபோல்டரில் எக்ஸ்சேஞ்ச் சேர்வருக்கே எழுதும் அனுமதி இல்லாவிட்டால் கட்டளை தோற்கும்.

அஞ்சல் தவிர்ந்த அலுவலகத் தரவுகளை வைக்கும் மைக்ரோசொஃப்ட்டின் எஸ்கியூஎல் சேர்வரில் கணக்கு, சம்பளம், களஞ்சியம் என ஒவ்வொரு தரவுத்தளத்துக்கும் தனித்தனிக் காப்புப்படி எடுக்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் எம்டிஎஃப் கோப்பை (தரவு இருக்கும் முதன்மைக் கோப்பு) இழுத்துப் போடப் பார்ப்பது வீண்வேலை. சேர்வர் அதைப் பூட்டி வைத்திருக்கும். ஒவ்வொரு மாற்றத்தையும் லொக்கில் வைத்திருக்கும் ‘ஃபுல் ரிக்கவரி’ முறையில் லொக்குக்கும் தனியாகப் படி எடுக்க வேண்டும். தரவுத்தளத்தை மட்டும் நாள்தோறும் எடுத்தால் லொக் வளர்ந்துகொண்டே போகும். ஒரேயொரு அட்டவணை போய்விட்டதென்றால், காப்புப்படியை வேறு பெயரில் மீட்டு அந்த அட்டவணையை மட்டும் எடுத்து வாருங்கள். பழைய பெயரிலேயே மீட்டால் இன்று காலை பதிந்ததும் சேர்ந்து போய்விடும்.

படி எங்கே இருக்கிறது என்பதும் சொல்லின் பொருளில் அடங்கும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஏறிய கரை இது. உப்புவெளியிலோ நிலாவெளியிலோ சேர்வருக்குப் பக்கத்து மேசையிலேயே கிடக்கும் ஹாட் டிஸ்க் வெறும் படி. இன்னொன்று கந்தளாய்ப் பக்கம் உள்நாட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை அதையே கொண்டுவந்து வேறொரு கணினியில் மீட்டு, கடைசிப் பற்றுச்சீட்டின் இலக்கம் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.