நூல் இழுக்கும் பாண்

சித்திரை வெயிலில் ஒரு நாள், கொட்டாஞ்சேனைப் பக்கம் பேக்கரி வைத்திருக்கும் முதலாளி ஒருவர், ஷொப்பிங் பேக்கில் ஒரு றாத்தல் பாணோடு எங்கள் பரிசோதனைக்கூடத்துக்கு வந்தார்.

"மிஸ், நான் மாவில ஏதோ மருந்து கலந்திட்டன் எண்டு சனம் சொல்லுது."

பையை அவிழ்த்ததுமே அழுகப்போகும் அன்னாசியின் வாசம். வெட்டினால் நடுப்பகுதி பழுப்பாக, பசை மாதிரி. பிய்த்தபோது இரண்டு துண்டுக்கும் நடுவே மெல்லிய நூல்கள் நீண்டன.

மருந்துமில்லை, ஈஸ்ட் பிழையுமில்லை. இது பெரும்பாலும் பசிலஸ் சப்டிலிஸ் என்ற மண் பற்றீரியாவின் வேலை. 1835இல் கண்டு எழுதப்பட்டது, 1872இல் இந்தப் பெயர் பெற்றது, 1997இல் மரபணுத்தொகுதி முழுவதும் வாசிக்கப்பட்டது. ஆய்வுகூடங்களுக்குச் செல்லப்பிள்ளை. சலவைத்தூளில் குழம்புக்கறையைக் கரைக்கும் நொதியை இதன் இனத்தாரிடமிருந்துதான் எடுக்கிறார்கள். புரதத்தை அறுக்கும் அதே குணத்தைப் பாணுக்குள்ளும் காட்டுகிறது, கூடவே மாப்பொருளையும் உடைக்கிறது. யப்பானியர் இதை வைத்தே சோயாவைப் புளிக்கவைத்து நட்டோ செய்கிறார்கள். அதுவும் நூல் இழுக்கும், ஆனால் அங்கே அது ருசி!

மண்ணிலிருந்து தானியத்தோடு மாவுக்குள் வருவது இதன் வித்தி, அதாவது கெட்டியான உறைக்குள் உறங்கிக் கிடந்து, பிறகு முளைத்துப் பெருகும் வடிவம். போறணை 200 பாகையில் எரிந்தாலும் பாணின் நடு 100 பாகையைத் தாண்டாது. வித்தி அதைத் தாங்கிவிடும். அப்புறம் கொழும்பின் புழுக்கம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

"விக்காத பாணை என்ன செய்வீங்கள்?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கினார். "ஊறவைச்சு அடுத்த மாவில போடுறது."

அங்கேதான் சிக்கல். நேற்றைய வித்தியை இன்றைய மாவில் விதைப்பது போல அது. முதலில் அதை நிறுத்தச் சொன்னேன். மேசை, கத்தி, தட்டுகளை நன்றாகத் தேய்த்துக் கழுவி வினாகிரியால் துடைக்க வேண்டும். மாவிலும் அளவாக வினாகிரி சேர்க்கலாம், புளிப்பு இதற்கு ஆகாது. சூடு ஆறாமல் பாணைப் பையில் போடவே கூடாது.

வீட்டில் அந்தப் பழவாசம் வந்தால் எறிந்துவிடுங்கள். "ரோஸ்ட் பண்ணினால் சரி" என்பார்கள். சரியாகாது, வித்தி சாகாது. இப்படிக் கெட்ட பாணால் சிலருக்கு வாந்தி, வயிற்றோட்டம் வந்திருக்கிறது. இரவுச் சோற்றை வெளியே வைத்தால் வரும் தொல்லைக்கும் இதன் உறவுக்காரன் பசிலஸ் சீரியஸ்தான் பலவேளை காரணம், அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

பின்னேரம் வாங்கும் சூட்டுப் பாணை நான் பையிலிருந்து எடுத்து ஆறவைப்பேன். பல்லி ஏறிவிடும் என்று அம்மா திரும்பக் கட்டிவைப்பார்.