டேட் கேசட்டை வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள்

இந்த ஆண்டில் இது மூன்றாவது. போன வாரம் தாராபுரம் பக்கமிருந்து அண்ணன் தம்பி இரண்டு பேர் நான்கு டேட் (DAT) கேசட்டுகளை, அதாவது ஒலியை டிஜிட்டலாகப் பதியும் சின்ன நாடா கேசட்டுகளை, மஞ்சப்பையில் போட்டு ஈரோட்டில் பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டருக்கு மாற்றித் தருகிற என்னிடம் கொண்டுவந்தார்கள். 1997-இல் அவர்களுடைய அப்பாரு (தாத்தா) உடுக்கை அடித்துப் பாடிய அண்ணமார் கதை, அதாவது பொன்னர் சங்கர் கதை. மூன்று கேசட்டில் பழுதில்லை. நான்காவதில், பொன்னர் சங்கர் போரில் மாய்கிற படுகளம் வருகிற இடத்தில், நாடா கசங்கி மடங்கி அறுந்திருந்தது. பழைய டேட் மெஷின் ஒன்றை யாரிடமோ வாங்கி, "பாடுதுங்களானு ஒருக்கா போட்டுப் பாத்தமுங்க" என்றார் அண்ணன். அவர் முகத்தைப் பார்த்து என்னால் கோபப்பட முடியவில்லை.

தம்பி கேட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை. "டிஜிட்டல்தானுங்களே, அதெப்படிங்க கெடும்?"

வருகிறவர்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்கிறார்கள். டிஜிட்டல் என்பது ஒலியை எண்களாக எழுதிவைக்கும் முறை. எண் கெடாது, சரி. ஆனால் அந்த எண் எழுதியிருப்பது நாடாவில்தானே? டேட் 1987-இல் வந்தபோதும் அது காந்தத்தூள் பூசிய பிளாஸ்டிக் நாடாதான். சாதாரண கேசட் நாடாவின் அகலம்தான். அதில் ஒரு தடத்தின் அகலம் 13 மைக்ரானுக்குச் சற்று மேல், தலைமுடியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும் உருளையில் இருக்கிற ஹெட் அந்தத் தடத்தைத் தேடிப் படிக்க வேண்டும். பூஞ்சை பிடித்தால் தீர்ந்தது. அழுக்கேறிய மெஷினில் போட்டாலும் தீர்ந்தது.

இன்னொன்றையும் புரிந்துகொள்ளுங்கள். சாதாரண கேசட் கெடும்போது நமக்குச் சொல்லிக்கொண்டே கெடும். முதலில் இரைச்சல் வரும், சத்தம் மங்கும், அப்போதும் குரல் கேட்கும். டேட் அப்படியில்லை. படிக்க முடியாத எண்களை மெஷினே கணக்குப் போட்டு நிரப்பிவிடும். நாடா பாதி கெட்டிருந்தாலும் உங்கள் காதுக்குப் புதிதுபோலக் கேட்கும். அந்தக் கணக்கு நிரப்ப முடியாத இடம் வந்ததும் படபடவென்று வெட்டும், பிறகு ஒன்றுமே இருக்காது. "போன வருசம்கூட நல்லாப் பாடுச்சுங்க" என்பது எந்த உத்தரவாதமும் இல்லை. 1965-இல் பிரெண்டா பெக் என்ற மானிடவியலாளர் நம் கொங்கு நாட்டில் சாதாரண ஒலிநாடாவில் பதிந்த அண்ணமார் கதையை இன்றைக்கும் கேட்க முடிகிறது. அதைவிட முப்பது வருடம் இளைய டேட் என் மேசையில் அறுந்து கிடக்கிறது.

அதனால், வீட்டில் போட்டுப் பார்க்காதீர்கள். ஓட்டிப் பார்க்காதீர்கள், விரலால் சுற்றவும் வேண்டாம். ஓட்டுவீட்டுப் பரணில் சித்திரை வெயிலில் வேகவிடாதீர்கள். அன்றைக்குப் பதிந்த அதே மெஷின் இருந்தால், ஓடாவிட்டாலும் கூடவே கொண்டுவாருங்கள். ஹெட் கொஞ்சம் விலகிப்போன மெஷினில் பதிந்த நாடாவை மற்ற மெஷின்கள் படிக்கத் திணறும். பழையதைத் தட்டிச் சரிசெய்து அதிலேயே எடுத்த நாட்களும் உண்டு.

மினிடிஸ்க் (சின்னத் தட்டில் டிஜிட்டலாகப் பதிவது) வைத்திருப்பவர்களுக்கு: தட்டு உறுதியானது, பயம் வேண்டாம். ஆனால் பதிந்து முடித்ததும் கடைசியில்தான் எந்தப் பாட்டு எங்கே இருக்கிறது என்ற பொருளடக்கத்தை அது எழுதும். அதற்குள் கரண்ட் போயிருந்தால் தட்டு காலியாகத் தெரியலாம். பாட்டு உள்ளேதான் இருக்கும். காலி என்று நினைத்து மேலே எதையும் பதிந்துவிடாதீர்கள், அப்படியே கொண்டுவாருங்கள். வெற்றுத் தட்டு தயாரிப்பதை 2025 பிப்ரவரியில் சோனி நிறுத்திவிட்டது. ஓடுகிற மெஷின்களும் குறைந்துகொண்டே வருகின்றன.

வீடியோ கேசட் போலவே இருக்கும் ஏடேட்டை (ADAT, ஸ்டுடியோக்களில் ஒலி பதியும் கேசட்) கல்யாண வீடியோ என்று நினைத்துக் குப்பையில் போட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதில் எட்டுத் தடங்களில் பாட்டு இருக்கும். தயவுசெய்து எழுத்தைப் படித்துப் பாருங்கள்.

சீடியில் எழுதிவைத்தவர்கள் பளபளக்கும் கீழ்ப்பக்கத்தைப் பொத்திப் பொத்திக் காப்பாற்றுகிறார்கள். பதிவு இருப்பது மேல்பக்கப் பூச்சுக்கு அடியில். அங்கேதான் பால்பாயிண்ட் பேனாவால் அழுத்தி எழுதுகிறார்கள், ஸ்டிக்கரை ஒட்டிப் பிய்க்கிறார்கள்.

கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது டிஜிட்டல் வயர் போட்டு எண்ணை எண்ணாகவே எடுக்க வேண்டும். ஸ்பீக்கர் பக்கத்தில் செல்போனை வைத்துப் பதிவதற்குப் பெயர் மாற்றுவதல்ல. 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48 ஆயிரம் எண் வீதம், பதிந்ததை 44.1 என்று நினைத்து ஓட்டினால் முக்கால் கட்டை சுருதி இறங்கி, அப்பாருவின் குரல் வேறு யாருடையதோ ஆகிவிடும். எம்பி3 மட்டும் போதும் என்று சொல்லாதீர்கள். ஒரு மணி நேரம் சுருக்காத வேவ் கோப்பாக 690 எம்பிதான் வரும். இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள், ஒன்றைப் பங்காளி வீட்டில் வையுங்கள்.

தாராபுரத்துக்காரர்களின் மூன்று கேசட்டையும் முழுதாக எடுத்துவிட்டேன். நான்காவதில் கசங்கிய பகுதியை வெட்டி ஒட்டி மிச்சத்தை எடுத்தேன். டேட் நாடா விநாடிக்கு 8 மில்லிமீட்டர்தான் நகரும், ஓர் அடி போனால் 37 விநாடி போகும். நான் வெட்டியது மூன்றடி. படுகளத்தில் ஏறக்குறைய இரண்டு நிமிடம் இல்லை.