அது பசளி இல்லை

திருகோணமலை உப்புவெளியில் அயல்வீட்டு அக்கா போன மாரிக்கு ஒரு விதைப் பக்கற் வாங்கினார். மேலே ‘சுவிஸ் பசளி’ என்று அச்சிட்டிருந்தது. பசளி என்றால் படரும்தானே என்று வேலியோரம் கம்பு நட்டு, கயிறும் கட்டிவைத்தார். முளைத்தது படரவேயில்லை. சிவப்பும் மஞ்சளுமாகத் தடித்த தண்டோடு நிலத்திலேயே நின்றது. விதை பிழை என்று பிடுங்கப் போனவரை நான்தான் மறித்தேன். விதை சரி, பெயர்தான் பிழை.

ஆங்கிலத்தில் அது சுவிஸ் சார்ட். பிறந்தது சுவிஸில் அல்ல. மத்தியதரைக்கடல் கரையோரக் காட்டுச் செடியின் வழிவந்தது. ‘சார்ட்’ பிரெஞ்சுக் ‘கார்ட்’ என்பதிலிருந்து வந்தது. அந்தச் சொல்லின் மூலமோ வேறொரு முட்செடியின் பெயர். ஜெர்மன்காரர் மாங்கோல்ட் என்பார்கள். தாவரவியலில் பீட்டா வல்காரிஸ், அதாவது நம் பீற்றூட்டும் இதுவும் ஒரே இனம். அதைக் கிழங்குக்காக வளர்த்தெடுத்தார்கள், இதை இலைக்கும் தண்டுக்கும்.

பிறகு பசளி எங்கிருந்து வந்தது? ஸ்பினாச்சுக்குப் பசளி என்று எழுதுகிறார்களே, அங்கிருந்துதான். அதுவே பிழை. நம் பசளி கொடி. இலை சதைப்பற்றானது, சமைத்தால் வழுவழுக்கும். ஸ்பினாச் படராது, வழுக்காது, குடும்பமே வேறு. சார்ட்டைப் பார்த்தவர் ஸ்பினாச் போல இருக்கிறதே என்று அதே சொல்லை எடுத்து, முன்னால் சுவிஸையும் ஒட்டிவிட்டார். செடியை ஒருமுறை தொட்டுப் பார்க்காமல் சொல்லுக்குச் சொல் வைப்பதை மொழிபெயர்ப்பு என்று நான் ஏற்கமாட்டேன். மருந்துச் சீட்டிலும் உரப்பையிலும் இதே அவசரம்தான். அங்கே பிழை விட்டால் கம்பும் கயிறும் மட்டுமா வீணாகும்?

தண்டுக்கீரை என்கலாமே என்று ஒருவர் கேட்டார். அந்தப் பெயருக்கு ஏற்கெனவே ஒரு கீரை இருக்கிறது. பீற்றூட்டை அக்காரக்கிழங்கு, செங்கிழங்கு என்றும் சொல்வதுண்டு. அக்காரக்கிழங்குக் கீரை என்றால் தனித்தமிழ்தான், ஆனால் திருகோணமலைச் சந்தையில் யாருக்கு விளங்கும்? செங்கிழங்குக் கீரை என்றாலோ மஞ்சள் தண்டும் வெள்ளைத் தண்டும் எங்கே போவது?

பீற்றூட் கீரை என்போம். பாதிச் சொல் கடன்தான், ஆனாலும் கேட்டவுடன் கைக்குச் சமையல் தெரிந்துவிடும். பீற்றூட் இலையில் வறை செய்கிற மாதிரித்தான் இதுவும்: தண்டைத் தனியாக நறுக்கி வெங்காயம், பச்சைமிளகாயோடு முதலில் வதக்கி, இலையைக் கடைசியில் போட்டு, தேங்காய்ப்பூ தூவி இறக்க வேண்டும். சிவப்புத் தண்டு பீற்றூட்டைப் போலவே சாயம் விடும். பால்கறிக்கு மஞ்சள் தண்டுதான் நல்லது. ஒக்சலேற்றும் அப்படியே அதிகம், சிறுநீரகக் கல் உள்ளவர்கள் தவிர்க்கட்டும்.

வளர்ப்பும் அதே முறைதான். விதை என்று நாம் நடுவது பல விதைகள் சேர்ந்த கட்டி; ஓரிடத்தில் இரண்டு மூன்று முளைக்கும், ஒன்றை விட்டு மற்றதை நறுக்கிவிட வேண்டும். மாரியில் போட்டால் ஏறக்குறைய 50, 60 நாளில் இலை ஒடிக்கலாம். கடற்கரைச் செடியின் பரம்பரை என்பதால் கொஞ்சம் உவர்ப்பான கிணற்று நீரையும் தாங்கும். கச்சான் காற்றின் வெக்கைதான் ஆகாது.

அக்கா இப்போது பீற்றூட் கீரை என்றே சொல்கிறார். அந்தக் கம்பிலும் கயிற்றிலும் பசளியே படர்ந்திருக்கிறது.