லேர்னிங் டிசபிலிட்டி, ஹோம் கேர்: பராமரிப்பா, பேணலா?

இங்க இங்கிலாந்துல படிக்க வந்த சொந்தக்காரத் தம்பி ஒருத்தன் பார்ட் டைமா கேர் வேலையில, அதாவது முடியாதவங்களக் கவனிச்சுக்கிற வேலையில சேந்துட்டு எனக்கு போன் போட்டான், "அண்ணே, லேர்னிங் டிசபிலிட்டி சர்வீஸ்னு போட்ருக்காங்க, படிக்க எழுத கஷ்டப்படுற பசங்களுக்கு டியூஷன் மாதிரி சொல்லித் தரணுமா?"ன்னு கேட்டான். அவன் மேல தப்பே இல்ல. நம்ம ஊர்ல அந்த வார்த்தைக்கு அதுதான் அர்த்தம். நானும் இந்த வேலைக்கு வந்த புதுசுல அப்படித்தான் நினைச்சேன், அதனால லேர்னிங் டிசபிலிட்டி, கேர்ங்கிற இந்த ரெண்டு சொல்லையும் கொஞ்சம் பிரிச்சுப் பாத்துடலாம்னு எழுதுறேன்.

முதல்ல லேர்னிங் டிசபிலிட்டி. இந்தியாவுல இதச் சொன்னா டிஸ்லெக்ஸியா மாதிரி விஷயம், அதாவது அறிவுல எந்தக் குறையும் இருக்காது, எழுத்தக் கூட்டிப் படிக்கிறதுலயோ கணக்குலயோ மட்டும் சிக்கல் இருக்கும், அதுக்குத்தான் தமிழ்ல கற்றல் குறைபாடுன்னு சொல்றோம். பிரிட்டன்ல அதுக்குப் பேரு லேர்னிங் டிஃபிகல்ட்டி. இங்க லேர்னிங் டிசபிலிட்டின்னா சின்ன வயசுலேந்தே புது விஷயத்தப் புரிஞ்சுக்கிறது, புதுசா ஒண்ணு கத்துக்கிறது, தனியா வாழ்க்கைய நடத்துறது இதெல்லாமே கஷ்டமா இருக்கிற நிலை, 2001ல வந்த அரசு வெள்ளை அறிக்கையும் கிட்டத்தட்ட இப்படித்தான் வரையறை குடுக்குது. மத்த நாடுகள்ல இன்டலெக்சுவல் டிசபிலிட்டின்னு சொல்றது இதைத்தான். ஆக இதத் தமிழ்ல எழுதும்போது கற்றல் குறைபாடுன்னு போட்டா அது தப்பு, அறிவுசார் குறைபாடுன்னுதான் போடணும். இந்தியாவோட 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வேற, கற்றல் குறைபாட்டையும் இன்டலெக்சுவல் டிசபிலிட்டிங்கிற தலைப்புக்குக் கீழயே வச்சிருக்கு, அது இன்னும் கொஞ்சம் குழப்பத்தக் கூட்டுது.

இந்தப் பேருக்குப் பின்னாடி பெரிய வலி இருக்கு. 1913ல பிரிட்டன்ல வந்த சட்டத்துல இவங்களுக்கு இருந்த பேரு இடியட், இம்பிசைல், அதுவும் திட்டா இல்ல, சட்டப் புத்தகத்துல அச்சடிச்ச வகைப்பாடா. அப்புறம் மென்டல் ஹேண்டிகேப்னு ஆச்சு, 1990கள் தொடக்கத்துலதான் லேர்னிங் டிசபிலிட்டின்னு மாத்துனாங்க. இங்க பெரிய தொண்டு நிறுவனமான மென்கேப் கூட 1946ல ஜூடி ஃப்ரைட்ங்கிற ஒரு அம்மா தொடங்கும்போது அதோட பேருல "பின்தங்கிய குழந்தைகள்"னுதான் இருந்துச்சு. நம்ம பக்கமும் மூளை வளர்ச்சி குன்றியவர், மனவளர்ச்சி குன்றியவர்னு ஒவ்வொரு படியா ஏறித்தான் அறிவுசார் குறைபாடுக்கு வந்திருக்கோம்.

சரி, இப்ப கேர். ஆங்கிலத்துல இது பழைய ஜெர்மானிய வேர்ச்சொல், பழைய ஆங்கிலத்துல "காரு"ன்னு இருந்துச்சு, அதுக்கு அர்த்தம் துக்கம், மனக்கவலை. ஒருத்தரப் பத்தி நெஞ்சுல பாரம் இருக்கிறதுதான் கேர், அவங்களக் கவனிச்சுக்கிறதுங்கிற அர்த்தம் அப்புறமா வளந்தது. குணப்படுத்துறதச் சொல்ற க்யூர் லத்தீன்லேந்து வந்த சொல், கேட்க அக்கா தங்கச்சி மாதிரி இருந்தாலும் ரெண்டுக்கும் வேர் வேற. அறிவுசார் குறைபாடு நோய் இல்ல, அங்க க்யூருக்கு இடமே இல்ல, கேர் மட்டும்தான். வீட்டுக்கே போய்ச் செய்றத டொமிசிலியரி கேர்னு சொல்வாங்க, வீடுங்கிற லத்தீன் சொல்லுலேந்து வந்தது, வேலை செய்றவங்க வாயில அது டோம் கேர்னு சுருங்கிடும்.

தமிழ்ல கேர்னாலே எல்லாரும் கண்ண மூடிட்டு பராமரிப்புன்னு எழுதிடுறோம். அது வடமொழி "பராமர்ச"த்துலேந்து வந்த சொல், தொடுறது, ஆராயறதுன்னு பொருள். தெலுங்குல இன்னமும் பராமர்சன்னா உடம்பு சரியில்லாதவங்களப் போய் நலம் விசாரிக்கிறது. அந்த மூல அர்த்தம் நிஜமாவே அழகு, ஆனா தமிழ்ல இன்னைக்கு அது எங்க வந்து நிக்குது பாருங்க, கட்டடப் பராமரிப்பு, சாலைப் பராமரிப்பு, லிஃப்ட் பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டுள்ளதுன்னு போர்டு. கெட்டுப் போகாம வச்சிருந்தா போதும்ங்கிற அளவுக்குச் சொல் தேஞ்சு போச்சு. ஒரு மனுஷனுக்கு அந்தச் சொல்லப் போட்டா வேலையும் அதே மாதிரிதான் நடக்கும், குளிப்பாட்டியாச்சு, சாப்பாடு குடுத்தாச்சு, மாத்திரை குடுத்தாச்சு, டிக், டிக், டிக்.

நானே அப்படிச் செஞ்சவன்தான். நான் போன ஒரு வீட்டுல அம்பது வயசு தாண்டுன ஒருத்தர், பேச்சு ரொம்பக் கம்மி. காலைல டீ போடணும். அவரப் போட விட்டா இருவது நிமிஷம் ஆகும்னு நானே போட்டுக் குடுத்து, லாக் புக்ல "டீ குடுத்தாச்சு"ன்னு எழுதிட்டு அடுத்த வேலைக்குப் போயிடுவேன். ஒரு நாள் கூட வேலை பாத்த சீனியர் அக்கா ஒருத்தங்க வந்து, கப்ப அவர் கையில குடுத்து, டீ பேக் டப்பாவ அவர் பக்கத்துல நகத்தி வச்சுட்டுச் சும்மா நின்னாங்க. அவரு டப்பாவத் திறந்து ஒண்ண எடுத்து, மோந்து பாத்து, கப்புக்குள்ள போட்டாரு. கெட்டில் தூக்கும்போது மட்டும் அக்கா அவரு கைக்கு மேல கை வச்சாங்க. பால் ஊத்திட்டு அவரு என்னத் திரும்பிப் பாத்த பார்வை இருக்கே, இத்தன நாளா அவர்கிட்டேந்து நான் எத எடுத்துக்கிட்டிருந்தேன்னு அப்பதான் உறைச்சுது.

இதுக்கு இங்க ஆக்டிவ் சப்போர்ட்னு பேரு, அவங்களுக்காகச் செய்யாம அவங்களோட சேந்து செய்றது. கெண்ட் பல்கலைக்கழகத்துல டிஸார்ட் சென்டர்ல இருந்த பேராசிரியர் ஜிம் மான்செல் இதுல நிறைய ஆராய்ச்சி பண்ணவர், 1993ல அரசுக்குக் குடுத்த அறிக்கை இன்னமும் அவர் பேராலதான் அறியப்படுது. கேர் தரமா இருக்கான்னு பாக்கிற கேர் குவாலிட்டி கமிஷன் அஞ்சு கேள்வி கேக்குது, பாதுகாப்பா இருக்கா, பலன் இருக்கா, அன்பா நடத்துறாங்களா, தேவைக்கு ஏத்த மாதிரி இருக்கா, நிர்வாகம் ஒழுங்கா இருக்கா. கேள்வியெல்லாம் சரிதான். ஆனா நேரம் இல்லாம எதுவும் நடக்காது. வீட்டுக் கேர்ல அரை மணி நேரத்துக்குக் குறைவான விசிட்ட ரொம்பக் குறிப்பிட்ட சூழ்நிலையில மட்டும்தான் வைக்கணும்னு இங்க மருத்துவமும் கேரும் எப்படி இருக்கணும்னு சொல்ற நைஸ் (NICE) அமைப்பு 2015லயே வழிகாட்டுதல் குடுத்திருக்கு, தெரிஞ்ச ஆள் வரணும்ங்கிறதும் அதுல ஒரு நிபந்தனை. பேச முடியாத ஒருத்தர் தாடையில அடிச்சுக்கிட்டா, அவர நல்லாத் தெரிஞ்ச ஆளுக்குத்தான் பல்லு வலியா இருக்குமோன்னு தோணும். தெரியாத ஆளு "பிஹேவியர்"னு, அதாவது அவரோட நடத்தையே அப்படித்தான்னு எழுதிட்டுப் போயிடுவாரு. பராமர்சத்தோட பழைய அர்த்தம், தொட்டுப் பாத்து விசாரிக்கிறது, உண்மையில இந்த இடத்துக்குத்தான் வேணும்.

அப்ப தமிழ்ல என்னதான் சொல்றது? என் மனசுக்குச் சரியாப் படுறது பேணல். பேண்ங்கிற வேருக்குக் காப்பாத்துறதுன்னு மட்டும் அர்த்தம் இல்ல, விரும்புறது, மதிக்கிறது, போற்றுறதுன்னு எல்லாம் உண்டு. "பெரியாரைப் பேணாது ஒழுகின்"னு குறள்ல (892) வர்ற எடத்துல பேணாதுன்னா மதிக்காமன்னு பொருள். 443ல "பேணித் தமராக் கொளல்"னு வருது, மதிச்சு நம்மவரா ஆக்கிக்கிறது. பாதுகாப்பும் மரியாதையும் ஒரே சொல்லுக்குள்ள உக்காந்திருக்கு, ஆங்கிலக் கேர்ல கூட இந்த மரியாதை அவ்வளவு வெளிப்படையா இல்ல. ஓம்புதலும் நல்ல சொல்தான், விருந்தோம்பல்ல இருக்கு, ஆனா குழந்தைய வளக்கிற வாசனை அதுல வந்துடுது, வளந்த மனுஷங்களக் குழந்தையா நடத்துற பழக்கந்தான் இந்தத் துறையில பெரிய நோயே, அதனால எனக்கு அது வேண்டாம். ஹோம் கேருக்கு இல்லப் பேணல், கேரருக்குப் பேணுநர். சப்போர்ட்டுக்கு ஆதரவுன்னு போடாம துணைன்னு போடலாம். சப்போர்ட்டட் லிவிங்னா வீட்டு வாடகை ஒப்பந்தம் அவங்க பேருல இருக்கும், கேர் ஒப்பந்தம் தனி, அது அவங்க வீடு, துணைக்கு வந்து போறவங்கதான் நாம, அத துணையோடு வாழ்தல்னு சொன்னா சட்டத்தோட அர்த்தமே அதுல வந்துடுது.

தமிழ்நாட்டுல இவங்களுக்கு அரசு மாசாமாசம் குடுக்கிற பணத்துக்குப் பேரு பராமரிப்பு உதவித்தொகை, அந்த மாதிரி அலுவலகப் பேர் எல்லாம் சட்டுனு மாறாதுன்னு தெரியும், பேச்சுல மாத்தலாமே.

போன வருஷம் இங்க ஒரு தமிழ்க் குடும்பத்துக்கு பேச்சு மொழிபெயர்க்கப் போனேன், முப்பது வயசுப் பையன், எழுவது வயசு அம்மா. சோஷியல் வொர்க்கர் "கேர்"னு சொன்னதும் நான் பழக்கதோஷத்துல "பராமரிப்பு ஏற்பாடு பண்றாங்களாம்மா"ன்னுட்டேன். அந்தம்மா முகம் வெளிறிப் போச்சு, பையன் கையப் பிடிச்சுக்கிட்டு "ஹோம்ல கொண்டு போய் விடப் போறாங்களா?"ன்னாங்க. "இல்லம்மா, தம்பி இங்கதான் இருப்பாரு, அவருக்குத் துணைக்கு ஆள் வீட்டுக்கு வருவாங்க"ன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "எத்தன மணிக்கு வருவாங்க, அவன் ஏழு மணிக்கெல்லாம் பசிக்குதுன்னுவான்"னாங்க.